சின்ன எஜமானி வந்தாச்சு!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் 26 வருஷமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். அக்கா, பூக்காரம்மா, ஆயா என்று என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். 54 வயதில் என்னை 'சின்ன எஜமானி' என்று கூப்பிட்டது டோக்கியோவில் ஒரு சின்னப் பெண்தான்.

மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பார்க்கப் போனபோது ஒரு சாயங்காலம் அகிஹாபரா என்ற பேட்டைக்குக் கூட்டிப் போனான். "சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரிம்மா" என்றான். உலகப் போர் முடிந்த காலத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்று வளர்ந்த இடமாம். பிறகு ஃபிரிட்ஜ், டிவி, கம்ப்யூட்டர் என்று போய், இப்போது தெரு முழுக்க வீடியோ கேம், கார்ட்டூன் பொம்மை. அந்தக் கார்ட்டூன் கதைகளில் வரும் பணிப்பெண் வேஷத்தில் பரிமாறும் கடைதான் 'மெய்ட் கஃபே'. நிரந்தரமாக நடந்த முதல் கடை 2001-ல் இதே பேட்டையில் திறந்தது என்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் லேஸ் பட்டியோடு நாலைந்து பெண்கள் ஒரே குரலில், "ஒகாயெரினாசாய்மாசே!" மகன் காதில் சொன்னான்: "வீட்டுக்குத் திரும்பி வந்துட்டீங்களான்னு கேக்குதும்மா." கடைதான் வீடு, வந்தவர்தான் எஜமான் என்பது அங்கே நாடகம். ஆணுக்கு 'கோஷுஜின்-சாமா', எஜமான். பெண்ணுக்கு 'ஒஜோ-சாமா', சின்ன எஜமானி, அந்த வீட்டுச் செல்லப் பெண். மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி வந்த செல்லப் பெண் நான்தான்.

உட்கார்ந்ததும் முதலில் வந்தது சட்டதிட்டம். ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். உட்காரவே தனிக் காசு, நம் பணத்துக்கு 500 ரூபாய் பக்கம். சாப்பிட ஏதாவது கட்டாயம் வாங்க வேண்டும். பரிமாறும் பெண்களைத் தொடக்கூடாது, போன் நம்பர் கேட்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. கூட நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கட்டணம்.

'ஓமுரைஸ்' வந்தது. தக்காளி சாஸில் பிரட்டிய சோற்றை முட்டை ஆம்லெட்டில் பொதிந்து தருவதுதான் அது. மேலே சாஸாலேயே நாம் கேட்ட படத்தை வரைந்து தருவார்கள். மல்லிகைப் பூ கேட்டேன். அந்தப் பெண் மேசையோரம் முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து இதழில் அவர்கள் ஊர் செர்ரிப் பூவை வரைந்தாள். பிறகு கையை இதயம் போல வைத்து, 'ருசியா ஆகு, ருசியா ஆகு' என்று மந்திரம் சொன்னாள். நானும் கூடச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். மகன் முகத்தை மூடிக்கொண்டான்.

சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனவள், கவுன்ட்டருக்குப் பின்னால் திரும்பியதும் ஒரு நொடி ஷூவிலிருந்து குதிகாலை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கதவு மணி அடித்தது. கால் உள்ளே போனது, சிரிப்பு திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மார்க்கெட் ஞாபகம்தான். "வா ராசாத்தி, உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்று எங்கள் மீன்காரம்மா ஒரே வஞ்சிரத்தைக் காட்டிப் பத்துப் பேரிடம் சொல்வாள். நானும்தான் சொல்கிறேன், "உன் தலைக்குன்னே கட்டின சரம் கண்ணு." காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனாலும் அந்தக் 'கண்ணு' குறையாது. நாங்களும் வேஷக்காரிகள்தான்.

ஜப்பானில் இப்படி வேஷக் கடைகள் எத்தனையோ. பூனையைத் தடவிக்கொண்டு காபி குடிக்கும் கடை 1998-ல் தைவானில் தொடங்கி, 2004-ல் ஒசாகாவுக்கு வந்தது. வாடகை வீடுகள் பலவற்றில் பூனை வளர்க்க விடமாட்டார்கள், அதனால் பூனைக்கும் மணிக்கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நாட்டில் நூற்றுக்கு 38 வீட்டில் ஒரே ஒருவர்தான் குடியிருந்தார். வீட்டில் 'வந்துட்டியா' என்று கேட்க ஆளில்லாதவர் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுக்கொள்கிறார். இதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நேர்மை. அன்பாகப் பேசுவதும் வேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு விலையும் வைத்து, தொடாதே என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் நாள் முழுக்க நின்று சிரிக்கும் பெண்களுக்கு யார் எழுதி வைத்தார்கள்? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-ல்தான்.

கிளம்பும்போது அந்தப் பெண்கள், "இத்தெராஷ்ஷாய்மாசே" என்றார்கள். மகன் அர்த்தம் சொன்னபோது நம்பமுடியவில்லை. அப்படியே நம் 'போயிட்டு வாங்க'தான். வீட்டை விட்டுப் போகிறவரிடம் அங்கேயும் 'போ' என்று மட்டும் சொல்லமாட்டார்களாம். "போயிட்டு வர்றேன் கண்ணு" என்று நான் தமிழிலேயே சொன்னேன்.

மார்க்கெட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூ வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கூப்பிட்டவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.