கப்பலுக்குள் ஏவுகணை: அன்றும் இன்றும்

1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்க நெருங்கிய இந்தியக் கடற்படையின் நிர்காட், நிபாத், வீர் ஆகிய மூன்றும் சிறு படகுகள். ஒவ்வொன்றும் சுமார் 240 டன். திறந்த தளத்தில் பெட்டிகளுக்குள் நான்கு ஏவுகணைகள். 2021 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் 7,400 டன். அதன் தளத்துக்குக் கீழே, செங்குத்தான குழல்களில், 16 பிரம்மோஸும் 32 பராக்கும் நிற்கின்றன.

அன்றைய சோவியத் ஏவுகணை கிளம்புவதற்கு மட்டுமே திட எரிபொருள், பறப்பதற்குத் திரவம். நைட்ரிக் அமிலம் கலந்த அந்தத் திரவத்தைப் பாதுகாப்பு உடை அணிந்துதான் நிரப்ப வேண்டும்; கசிந்தால் தோலையும் உலோகத்தையும் ஒருசேர அரிக்கும். இன்று பராக் முழுக்கத் திட எரிபொருளில் இயங்குகிறது. பிரம்மோஸைக் கிளப்பிவிடுவதும் அதுவே. மூடிய உறைக்குள் ஆண்டுக்கணக்கில் தயாராக இருக்கும். அமிலக் கசிவின் பயம் தொலைந்தது.

ஆனால் இந்த எரிபொருள் பற்றினால், தீயை மூச்சடைத்து அணைக்க வழியில்லை. திட எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே கலந்திருக்கிறது, பெரும்பாலும் அம்மோனியம் பெர்குளோரேட்டாக. ஆலுவாவில் இஸ்ரோ தன் ராக்கெட்டுகளுக்காக இதைத் தயாரிக்கிறது. பற்றிக்கொண்ட மோட்டாரைக் கதவடைத்தோ கார்பன் டை ஆக்சைடு அடித்தோ நிறுத்த முடியாது. தீப்பிழம்பு வெளியேற வழிவிட்டு, பக்கத்து ஏவுகணைகளின் வெடிமுனைகளைத் தண்ணீரால் குளிர வைக்கலாம், அவ்வளவே.

கப்பல் பிழைக்குமா என்பதை அந்த வெடிமுனைகளே முடிவு செய்கின்றன. 1967 ஜூலை 29இல் அமெரிக்காவின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கியில் ஒரு ஜூனி ராக்கெட் தவறிப் பாய்ந்து, விமான எரிபொருள் பற்றியது. ஒன்றரை நிமிடத்தில் பழைய குண்டொன்று வெடித்து, தீயணைக்க ஓடிவந்தவர்களையே முதலில் கொன்றது. 134 பேர் இறந்தார்கள். ஆனாலும், திறந்த தளத்தில் வெடித்ததாலும் உடல் பெரிதாக இருந்ததாலும் கப்பல் மிதந்தது. 1993 வரை பணியாற்றியது. 2013 ஆகஸ்ட் 14இல் மும்பைத் துறையில் நின்ற ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கிக்குள் ஆயுதங்கள் வெடித்தபோது, விசை வெளியேற இடமே இல்லை. 18 பேர் இறந்தார்கள். கலம் துறையிலேயே மூழ்கியது.

ஃபாரஸ்டலுக்குப் பின் அமெரிக்கக் கடற்படை, சூட்டில் எளிதில் வெடிக்காத குண்டுகளைத் தேடியது. தீயணைப்பை ஒரு குழுவின் வேலையாக விடாமல் எல்லா மாலுமிகளுக்கும் கற்றுக்கொடுத்தது. அமிலத்தைக் கையால் நிரப்பியவருக்கு ஆபத்து எதிரே தெரிந்தது. இன்று அது உறைக்குள் மூடிக் கிடக்கிறது; அதனால் பயிற்சி முன்னைவிடக் கூடுதலாகத் தேவை.