நெரவியைக் கேட்டது யார்?

ஊர் அபிப்பிராயம் ஓட்டுப் பெட்டியில் மட்டும்தானா தெரியும்? 1979 ஜனவரியில் அது தெருவுக்கே வந்துவிட்டது!

புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைப்பது பற்றி பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசினார். பத்திரிகையில் சேதி வந்ததுதான் தாமதம். பந்த், ஊர்வலம், துப்பாக்கிச் சூடு என்று புதுவை கொந்தளித்தது. உயிர்ப்பலியும் நடந்தது.

நெரவிக்கு இதில் என்ன? காரைக்கால் வட்டாரத்துக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கிலோ மீட்டர் தள்ளி. மேப்பைப் பார்த்தால், "சேர்த்துட்டா என்ன?" என்றுதான் தோன்றும். ஆனால் தனிச் சட்டசபை போயிடுமே! அரசாங்க வேலை என்னாகும்? இது மேப்பில் தெரியாத கவலை.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில், இந்தியாவோடு சேரலாமா என்று ஓட்டுப் போட்டவர்கள் 178 பிரதிநிதிகள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. அன்று ஜனங்களுக்காகப் பேச அவர்களாவது இருந்தார்கள். 1979-லோ ஜனாதிபதி ஆட்சி, சட்டசபையே இல்லை! கேட்க ஆளில்லாதபோது ஜனங்களே கேட்டார்கள்: "நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

இணைப்புப் பேச்சு அடங்கியது. நெரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதி இன்றும் புதுச்சேரி சட்டசபைக்குத்தான் எம்.எல்.ஏ.வை அனுப்புகிறது.