வேலி இல்லாத ஆறு

பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் ஆற்றுக்கும் ஆளுக்கும் நடுவே வேலி கிடையாது. கைப்பிடிச் சுவரும் கிடையாது. நடைபாதையை விட்டு இறங்கினால் புல்வெளி. அது மெல்லச் சரிந்து கோரையில் முடிகிறது. கோரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். பெரும்பாலான இடங்களில் இரண்டு வயதுக் குழந்தையே தத்தித் தத்தி இறங்கிவிடக்கூடிய சரிவு. எழுபது வயதுப் பாட்டி பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் போய் நிற்கலாம். இதுதான் காலாங், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. அடுக்குமாடி வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இரண்டு பேட்டைகளுக்கு நடுவில் அது இவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டுகிறது.

காலையில் இந்தக் கரையில் நடக்கிறவர்களில் நம்மூர்ப் பெரியவர்களும் உண்டு. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகலாம் என்று திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருப்பவர்கள். பிள்ளைகள் அலுவலகம் கிளம்பியதும் பன்னிரண்டாவது மாடியில் அவர்களுக்குப் பொழுது நகர்வதில்லை. கீழே இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்ற தயக்கம். திரும்பி வர வழி தெரியுமா என்ற பயம். அப்படிப்பட்டவர்களைச் சிங்கப்பூரில் எங்கே அழைத்துப் போவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். மரீனா பேயின் கண்ணாடிக் கோபுரங்கள் எங்கும் போய்விடாது. அவற்றை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவின் பரப்பு 62 ஹெக்டேர். 1988-ல், பீஷானுக்கும் ஆங் மோ கியோவுக்கும் இடையில் பசுமையான இடைவெளியாக இருக்கட்டும் என்று அமைத்தது. அப்போதும் காலாங் இதன் ஓரமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை ஆறு என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு சிமென்ட் கால்வாய். பெய்கிற மழை எங்கும் தேங்காமல் கடலுக்கு ஓடிவிட வேண்டும் என்பது மட்டுமே அதன் வேலை. கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து பாயும் சட்டியும் மிதந்ததைப் பார்த்த தலைமுறை அது. சிமென்ட்தான் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பியதில் நியாயம் இருந்தது.

கால்வாயை மறுபடி ஆறாக்குவதற்கு முன்னால் தண்ணீரையே மீட்க வேண்டியிருந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் அதற்குள் சுத்தமாக வேண்டும் என்றார். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகன்றன. கரையோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்கு இடம் மாறினார்கள். 1987-ல் வேலை முடிந்து ஆற்றின் நாற்றம் போயிற்று. ஆனாலும் பீஷான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கம்பிக்கு அந்தப்புறம் கிடக்கிற, கிட்டே போகக் கூடாத பள்ளமாகத்தான் இருந்தது.

மாற்றம் 2006-ல் தொடங்கியது. நாட்டின் கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் வந்து பழகுகிற இடங்களாக மாற்ற, பொதுப் பயனீட்டுக் கழகம் ‘துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பீஷான் கால்வாய்க்குச் செப்பனிடும் வயது வந்திருந்தது. பூங்காவும் பழசாகியிருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்வது என்று முடிவெடுத்தன. வடிவமைப்பு, ஜெர்மனியைச் சேர்ந்த அட்டெலியர் டிரைசைட்டல் நிறுவனத்தின் கையில் போயிற்று. சிமென்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஆற்றை வளைந்து வளைந்து ஓடவிடுவது என்பது திட்டம். நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர், வளைவுகள் சேர்ந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 2012 மார்ச் 17 அன்று பிரதமர் லீ சியன் லூங் திறந்துவைத்தார்.

நடக்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். காலடியில் இருக்கிற கரை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் அங்கே ஒவ்வொரு புல்லையும் நின்று பார்க்கத் தோன்றும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

சிமென்ட் இல்லாத மண் கரை, வெப்பமண்டல மழையில் இரண்டே வருடத்தில் அரித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. செடிகளின் வேரையும் கல்லையும் மண்ணையும் சேர்த்துக் கரை கட்டும் முறை ஐரோப்பாவில் பழையது. ஆனால் அங்கே பெய்கிற மழை வேறு, சிங்கப்பூரில் கொட்டுகிற மழை வேறு. அதனால் ஆற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு பக்கக் கால்வாயில் 60 மீட்டர் தூரத்துக்குச் சோதனை செய்தார்கள். பத்து விதமாகக் கரை கட்டி, பலவகைச் செடிகளை நட்டு, எது நிற்கிறது, எது சரிகிறது என்று கவனித்தார்கள். தேறிய ஏழு முறைகள்தான் ஆற்றுக்கு வந்தன. குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிச் சரிவில் புதைப்பது அதில் ஒன்று. கம்பிவலைக் கூடைக்குள் கல்லை நிரப்பி, இடுக்குகளில் செடி வளர்ப்பது இன்னொன்று. கோரை நட்ட நார் உருளைகளைத் தண்ணீர் ஓரத்தில் பதிப்பதும் உண்டு. சிமென்ட் வயதாக ஆக விரிசல் விடும். இந்தக் கரை வேர் பரவப் பரவ இறுகுகிறது.

வெள்ளம் வந்தால்? அதற்கும் விடை அந்தச் சரிவிலேயே இருக்கிறது. பழைய கால்வாய் அதிகபட்சம் 24 மீட்டர் அகலம். இப்போது வெயில் நாளில் ஆறு குறுகலாக, கல்லைத் தாண்டிச் சலசலத்துக்கொண்டு போகிறது. பெருமழை பெய்தால் நாம் உட்கார்ந்து இட்லி தின்ற புல்வெளியே ஆற்றுப்படுகையாகிவிடும். நீர் சில இடங்களில் 100 மீட்டர் அகலம் வரை பரவ இடம் இருக்கிறது. பழைய கால்வாயைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் தண்ணீரை இந்த ஏற்பாடு தாங்கும். மழை ஓய்ந்ததும் தண்ணீர் இறங்கி, புல்வெளி திரும்பக் கிடைக்கிறது. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. படித்துறையில் எத்தனை படி தெரிகிறது என்று பார்த்து ஆற்றின் அளவைச் சொன்னவர்கள்தானே நாம். பீஷானில் அந்தப் படித்துறை புல்லால் ஆனது.

இனி நடை. மேரிமவுண்ட் சாலை பூங்காவை இரண்டாக வெட்டுகிறது. மேற்கே குளத் தோட்டங்கள், கிழக்கே ஆற்றுச் சமவெளி. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைக்க வேண்டாம். முதல் தடவைக்குக் கிழக்குப் பகுதி போதும். ஆற்றை மிக அருகில் பார்ப்பது அங்கேதான். பாதை அகலமாக, சமதளமாக இருக்கிறது. குழந்தையின் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தடையில்லாமல் உருளும். மிதிவண்டிக்காரர்கள் வேகமாக வருவார்கள், பிள்ளைகளை ஓரமாக நடக்கப் பழக்குங்கள். தண்ணீரின் குறுக்கே கற்களைப் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் தாழ்ந்திருக்கும் நாளில் அவற்றின் மேல் ஒவ்வொன்றாகத் தாண்டி அக்கரைக்குப் போவது பிள்ளைகளுக்குப் பெரிய சாகசம். பெரியவர்களுக்குப் பாலங்கள் இருக்கின்றன.

சற்றுத் தள்ளி ஒரு சிறிய குன்று. உடைத்தெடுத்த பழைய கால்வாயின் சிமென்ட் பாளங்களைக் குவித்து மண் போட்டு உண்டாக்கியது. ஆற்றை அடைத்து வைத்திருந்த சுவரின் மேல் ஏறி நின்றுதான் இப்போது ஆற்றைப் பார்க்கிறோம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

மேற்குப் பகுதியில் தாமரைக் குளமும், படிப்படியாக அமைந்த செடிப் பாத்திகளும் இருக்கின்றன. பார்வைக்குச் சாதாரணத் தோட்டம்தான். ஆனால் குளத்து நீர் அந்தப் பாத்திகளின் வழியே கசிந்து இறங்கும்போது வேர்களும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் நீர் விளையாட்டுத் திடலுக்கும் இப்படி வடிகட்டிய தண்ணீரே போகும்படி வடிவமைத்தார்கள். அதற்குக் கூடுதலாகப் புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கம் மட்டும் சேர்த்தார்கள்.

உயிரினங்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆறு வளைந்து ஓடத் தொடங்கியதும் அவையாகவே வந்தன. 59 வகைப் பறவைகளும் 22 வகைத் தும்பிகளும் பதிவாகியிருக்கின்றன. நாரை ஆடாமல் அசையாமல் நிற்கும். வெண்மார்பு மீன்கொத்தியை முதலில் காது பிடிக்கும், பிறகுதான் கண். கரையில் நீர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தால் பயந்து ஓட வேண்டாம், அதன் வழியை மறிக்காமல் விட்டால் போதும். கோரைத் தண்டில் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து முட்டை ஒட்டியிருப்பதைக் கண்டால், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிவிட்ட நத்தையின் முட்டை.

எல்லோரும் தேடுவது நீர்நாயை. 1970களில் சிங்கப்பூரிலிருந்து அது மறைந்தே போயிருந்தது. தண்ணீர் சுத்தமான பிறகு, 1998-ல் வடக்கே சுங்கை பூலோவில் மறுபடி தலைகாட்டியது. 2014-ல் இந்தப் பூங்காவில் ஒரு குடும்பம் குட்டிகளோடு குடியிருந்து ஊரையே கரையில் கூட்டியது. பிறகு அவை ஆற்றோடு இறங்கி மரீனா பக்கம் போய்விட்டன. இது நமக்கு அந்நியமான விலங்கும் அல்ல. காவிரியிலும் மோயாற்றிலும் இருப்பது இதே இனம்தான். வாளை மீனைக் கவ்விக்கொண்டு போகும் நீர்நாயைச் சங்கப் புலவர்கள் மருதத்திணையில் பாடியிருக்கிறார்கள். நம் ஊரில் இத்தனை வருடம் ஆற்றோரம் இருந்தும் அதைக் கண்ணால் பார்க்காத தாத்தா, பீஷானில் பேத்தியின் பக்கத்தில் நின்று முதல் தடவையாகப் பார்க்க வாய்ப்பு உண்டு. பார்த்தால் தள்ளி நில்லுங்கள். உணவு போடாதீர்கள். குட்டிகளோடு இருக்கும்போது கிட்டே போகவே கூடாது, தாய் கடிக்கும்.

இப்படிப்பட்ட நடையை ‘சும்மா பூங்காவுக்குப் போய் வந்தோம்’ என்று குறைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலை ஏறுவது, காடு சுற்றுவது எல்லாம் உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு. மூன்று தலைமுறையும் ஒன்றாக, யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல் நடக்கக்கூடிய வழி ஒரு நகரத்துக்குள் கிடைப்பது அரிது. குழந்தை நத்தையைப் பார்த்து நின்றுவிடும். பாட்டி பெஞ்சில் உட்காருவார். இரண்டுக்கும் இடம் கொடுங்கள், கைக்கடிகாரத்தில் அடிக்கணக்கு பார்ப்பதை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில்தான் தும்பி வந்து உட்காரும்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வேலி இல்லாத ஆறு என்பதால் மழையில் விளையாட்டு கூடாது. நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவிகள் இருக்கின்றன. தண்ணீர் ஏறத் தொடங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஒலிக்கும், அறிவிப்பு வரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வானம் கறுத்தாலே தள்ளுவண்டியை மேட்டுக்குத் திருப்புங்கள். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதும் மேற்புறம் கொட்டிய மழை இறங்கி வரலாம். இடி மின்னலும் இந்த ஊரில் அதிகம். தாழ்வான புல்வெளியிலும் தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள்.

போவது எளிது. 2021-ல் திறந்த பிரைட் ஹில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேற்குப் பகுதிக்கு நடந்தே போய்விடலாம். கிழக்குப் பகுதிக்குப் பீஷான் அல்லது ஆங் மோ கியோவில் இறங்கிப் பேருந்து பிடிப்பது பெரியவர்களுக்கு நல்லது. நுழைவுக் கட்டணம் இல்லை. வருடம் முழுவதும் ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது. எட்டரைக்கு மேல் வெயில் சுடத் தொடங்கும், ஆகவே விடிந்ததும் கிளம்புங்கள், அல்லது மாலை ஐந்தரைக்குப் போங்கள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, பிள்ளைகளுக்கு மாற்று உடை. சேலையில் வரும் அம்மாக்கள் செருப்பை விட்டுவிட்டுப் பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொண்டால் புல் சரிவில் வழுக்காது.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கத் தேதி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பல காலைகளை வீட்டிலேயே முடக்கிவிடும். பிப்ரவரி வறண்ட மாதம். ஆறு தாழ்ந்து, தாண்டும் கற்கள் வெளியே தெரியும். டிக்கெட்டை அதற்கு எடுங்கள்.