கடலை, பலாக்கொட்டை, எக்ஸ் கதிர்

வேடசந்தூர் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை. சிறுமலையில் வாழையும் பலாவும். திண்டுக்கல் கடைத்தெருவில் அன்றாடம் கைமாறும் இந்த மூன்று விளைபொருள்களிலும் ‘லெக்டின்’ என்ற வகைப் புரதம் இருக்கிறது. அந்த மூன்று புரதங்களின் வடிவத்தையும் அணு அணுவாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எம்.விஜயனும் அவருடைய குழுவினரும்.

லெக்டின்களின் வேலை, சர்க்கரையை அடையாளம் காண்பது. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல செல்களில் மறைந்திருக்கும் ஒரு சர்க்கரை அமைப்பு, பல வகைப் புற்றுச் செல்களில் வெளியே தெரிகிறது. நிலக்கடலை லெக்டின் அதைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. பலாக்கொட்டையில் உள்ள ஜாக்கலின், ரத்தத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட வகை எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஆயிரம் மூலக்கூறுகள் சுற்றியிருக்க, தனக்கு வேண்டியதை மட்டும் அது எப்படிப் பிடிக்கிறது? புரதத்தின் வடிவத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பதுதான் கடினம். புரதத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் 1,000 கோடியில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் இதைப்போல் சில ஆயிரம் மடங்கு பெரியது என்பதால், சாதாரண நுண்ணோக்கியால் அணுக்களைப் பிரித்துக் காட்ட முடியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் இந்த அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரே ஒரு மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிகவும் பலவீனமானது. கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுக்கி நின்றால்தான் சிதறல் பதிவாகும். அந்த அடுக்குதான் படிகம்.

துளியில் வளரும் படிகம்

தூய்மைப்படுத்திய புரதக் கரைசலில் ஒரு சிறு துளியைக் கண்ணாடி வில்லையில் விட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பி, அடர்த்தியான உப்புக் கரைசல் உள்ள குழியின் மேல் காற்றுப் புகாமல் மூடுகிறார்கள். துளியிலுள்ள நீர் மெல்ல ஆவியாகிக் கீழே இறங்க, புரதம் படிகமாகத் திரளத் தொடங்கும். சில நாளாகலாம், சில வாரமாகலாம். பெரும்பாலான முயற்சிகளில் படிகமே வராது. உப்பின் அளவு, அமிலத்தன்மை, வெப்பநிலை என ஒவ்வொன்றாக மாற்றி நூற்றுக்கணக்கான துளிகளை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

கிடைக்கும் படிகமோ கடுகைவிடச் சிறியது. அதிலும் ஏறக்குறைய பாதி நீர்தான். காய்ந்தால் ஒழுங்கு குலைந்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய இழை வளையத்தால் அதை அள்ளி, மைனஸ் 173 டிகிரி குளிரில் நிறுத்தி, எக்ஸ் கதிர் பட மெல்லச் சுழற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் பதிவாகின்றன. அவற்றின் இடத்தையும் வலிமையையும் கணக்கில் கொண்டு, எலெக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்ற வரைபடத்தை உருவாக்கி, அதற்குள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்துகிறார்கள்.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு இன்சுலின் சாட்சி. விஞ்ஞானி டோரதி ஹாட்ஜ்கின் அதன் முதல் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தது 1935-ல். வடிவம் தெரிந்தது 1969-ல். 34 ஆண்டுகள்! ஆக்ஸ்ஃபோர்டில் ஹாட்ஜ்கினின் குழுவில் இருந்தவர்தான் விஜயன். 1971-ல் பெங்களூரு திரும்பி, புரதப் படிகவியலை இந்தியாவில் வேரூன்றச் செய்தார்.

நிலக்கடலை லெக்டினின் வடிவம் 1994-ல் வெளியானது. அது நான்கு ஒரே மாதிரியான துண்டுகளால் ஆனது. அப்படிப்பட்ட புரதங்களில் வழக்கமாகக் காணப்படும் சமச்சீர் இதில் இல்லை என்பது ஆய்வாளர்களை வியக்கவைத்தது. 1996-ல் ஜாக்கலின் வந்தது. லெக்டின்களில் அதுவரை கண்டிராத, மூன்று பக்கப் பட்டகம் போன்ற மடிப்பு அதில் தெரிந்தது. 2005-ல் ஆராயப்பட்ட வாழை லெக்டினிலும் அதே மடிப்புதான். ஆனால் பலா பற்றும் சர்க்கரை வேறு, வாழை பற்றும் சர்க்கரை வேறு.

தோலில் தொடங்கிய கதை

புரத வடிவத்தைத் தேடும் இந்த மரபின் வேர் சென்னையில் இருக்கிறது. திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்த தோல் பதனிடும் தொழிலுக்கு ஆதாரமான புரதம் கொலாஜன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என்.ராமச்சந்திரன் அதைத்தான் ஆராய எடுத்தார். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று புரியாக அமைந்தது என்று 1954-லும், அந்தப் புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று 1955-லும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

1963-ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டுகிறது. உலகின் எந்த ஆய்வகத்தில் புதிய புரத வடிவம் கண்டுபிடிக்கப்பட்டாலும், சென்னையில் பிறந்த இந்த வரைபடத்தில் வைத்துத்தான் அது சரியா என்று பார்க்கிறார்கள்.

இப்போது சவால், மிகச் சிறிய படிகங்கள். எக்ஸ் கதிர் படிகத்தைச் சிதைக்கவும் செய்யும். படிகம் சிறியதாக இருந்தால், போதிய தகவல் தருவதற்குள் அழிந்துவிடும். 2009-ல் கலிஃபோர்னியாவில் இயங்கத் தொடங்கிய எக்ஸ் கதிர் லேசர் இதற்கு வழி காட்டியது. படிகம் சிதைவதற்கு முன்பே பதிவை முடித்துவிடும் அளவுக்கு அதன் துடிப்பு குறுகியது. ஒளிச்சேர்க்கைப் புரதம் ஒன்றின் மைக்ரான் அளவுப் படிகங்களைத் தாரையாகப் பாய்ச்சி, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து, அவற்றைத் தொகுத்து வடிவம் கண்டதை 2011-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் இந்தூரில் உள்ள, எக்ஸ் கதிர்களை உருவாக்கும் ‘இண்டஸ்-2’ சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்த்தடம் இருக்கிறது.

உலகப் புரதத் தரவு வங்கி 1971-ல் ஏழு வடிவங்களுடன் தொடங்கியது. 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனையையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நிலக்கடலை லெக்டினுக்கு ‘2பிஇஎல்’, ஜாக்கலினுக்கு ‘1ஜேஏசி’ என்பவை அதன் ஆங்கில எழுத்துக் குறியீடுகள். திண்டுக்கல் மாவட்டத்தின் பிளஸ் டூ ஆசிரியர்கள் பள்ளிக் கணினியில் இந்தக் குறியீடுகளைத் தட்டி, திரையில் சுழலும் கடலைப் புரதத்தையும் பலாப் புரதத்தையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். ராமச்சந்திரன், விஜயன் என்ற பெயர்களையும் அந்த வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.