தைரொயிட்டு நோயாளர் ஒருவரையொருவர் நாடுவது ஏன்?

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே வகுத்த முறையாகும். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர் என்பனவே அந்நான்கும். இவற்றுள் முன்னைய மூன்றும் இன்று பெரிதும் வளர்ந்துள்ளன. நான்காம் கூறோ, பாயிற் கிடக்கும் நோயாளிக்கு எளிதில் வாய்க்கின்றது. நடமாடிக்கொண்டே நோயைச் சுமப்பவருக்கு வாய்ப்பதில்லை. அவ்வாறு நடமாடிக்கொண்டே சுமக்கும் நோய்களுள் ஒன்று தைரொயிட்டு நோய். இந்நோயுற்றோர் தம்மைப்போல் நோயுற்ற பிறரைத் தேடிச் செல்வது ஏன் என்பதையும், அத்தேட்டத்தின் பயனும் எல்லையும் யாவை என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

தைரொயிட்டுச் சுரப்பி கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்துள்ளது. இது சுரக்கும் ஓமோன்களுள் முதன்மையானது தைரொட்சின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. உடலின் வெப்பம், இதயத் துடிப்பின் விரைவு, உணவு எரிந்து ஆற்றலாகும் வேகம் ஆகிய யாவும் இவ்வோமோனுக்கு உட்பட்டவை. இது குறைந்தால் சோர்வு, உடற்பருமன், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மறதி ஆகியன தோன்றும். மிகுந்தால் படபடப்பு, கைந்நடுக்கம், உடல் மெலிவு, உறக்கமின்மை ஆகியன தோன்றும்.

நம் நாட்டிலே இந்நோயைப்பற்றி வழங்கிவரும் அறிவு பெரும்பாலும் கழுத்துக் கழலையைப் பற்றியதே. தென்மேற்கு ஈரவலயத்தில் அயடீன் குறைவாற் கழலை மிகுந்திருந்தது. கடலையடுத்த உலர்வலயத்தில் வாழும் நாமோ, "கடலோரத்தாருக்குக் கழலை வராது" என்று நம்பிவந்தோம். கடல்மீனில் அயடீன் உண்டு. ஆதலால் இந்நம்பிக்கையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், கடலுப்பிலும் அயடீன் நிறைய உண்டு என்று கருதுவது தவறு. கடல்நீரை வெயிலிற் காய்ச்சிப் பெறும் உப்பில் இயல்பாக எஞ்சும் அயடீன் மிகச் சொற்பமே. புத்தளத்து உப்பளங்களில் விளையும் உப்பும் இதற்கு விலக்கன்று. 1922ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலும், 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கினர். இந்தியாவில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய காங்கிரா பள்ளத்தாக்கு ஆய்வு, அத்தகைய உப்பினாற் கழலை குறைவதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் மக்கள் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது விதியாயிற்று. எனவே, குவியலிலிருந்து அள்ளிவந்த உப்பைக் கருவாட்டுக்கு வைத்துக்கொண்டு, சமையலுக்கு அயடீன் சேர்ந்த உப்பைப் பயன்படுத்துவதே குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையூர்களில் வாழ்வோர்க்குத் தக்கது.

அயடீன் குறை பெரிதும் நீங்கியபின்னும் தைரொயிட்டு நோய் நீங்கவில்லை. உடலின் காவற்படை தன் சுரப்பியையே பகையென எண்ணித் தாக்கும் நோய் ஒன்றை, 1912ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் அசிமோட்டோ விவரித்தார். அயடீன் போதிய அளவு கிடைக்கும் நாடுகளில் தைரொட்சின் குறைவுக்கு முதற்காரணம் இதுவே. இந்நோய்க்கு உப்பு மருந்தன்று; அளவுக்கு மிஞ்சிய அயடீன் இதற்குக் கேடும் செய்யும். பாட்டியார் சொன்ன பழைய பக்குவம் இங்கே கைகொடுப்பதில்லை. முன்னோர் அனுபவம் உதவாதவிடத்து, மனிதன் தன்னையொத்தவரின் அனுபவத்தை நாடுகின்றான். நோயாளர் ஒருவரையொருவர் தேடுதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம், நோய் பிறர் கண்ணுக்குத் தெரியாமையாம். இந்நோய் ஆண்களினும் பெண்களைப் பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வெங்காயத் தோட்டத்துக்கோ கருவாட்டு வாடிக்கோ செல்லும் பெண் ஒருத்தி, "எனக்கு எப்போதும் களைப்பாக இருக்கின்றது" என்றால், "யாருக்குத்தான் களைப்பில்லை?" என்பதே வீட்டார் மறுமொழி. அவள் சோம்பல் உடையவள் என்று பழிக்கப்படுதலும் உண்டு. வைத்தியசாலை வாங்கில் அருகே இருக்கும் மற்றொருத்தி, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, அக்கா" என்று கூறும்போது, தன் துன்பம் கற்பனையன்று என்பதை அவள் முதன்முதலாக அறிகின்றாள். அவ்வொரு சொல் மருந்தாகாது. ஆயினும், மருந்தைத் தொடர்ந்து உண்ணும் மனவுறுதியை அது தருகின்றது.

மூன்றாவது காரணம் காலம். தைரொட்சின் குளிகையின் பாதியளவு உடலிலிருந்து நீங்குவதற்கு ஏறத்தாழ 7 நாட்கள் செல்லும். ஆகவே அளவை மாற்றினால், அதன் முழுப்பயனை இரத்தச் சோதனையிற் காண 6 முதல் 8 கிழமைகள் வரை காத்திருத்தல் வேண்டும். வைத்தியரைக் காணும் நேரமோ சில நிமிடங்களே. இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நெடுங்காலத்தில் எழும் ஐயங்களை யாரிடம் கேட்பது? மரவள்ளியும் கோவாவும் உண்ணலாமா? குளிகையைத் தேநீருடன் விழுங்கலாமா? பிள்ளை பெறலாமா? இவை சிறிய வினாக்கள் போலத் தோன்றினும், நோயாளியின் நாட்கள் இவற்றாலேயே ஆனவை.

இவற்றுக்கு விடைகள் உண்டு. அயடீன் போதிய அளவு பெறுவோர் மரவள்ளியையும் கோவாவையும் சமைத்து அளவோடு உண்ணலாம். குளிகையை வெறுவயிற்றில் நீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்ளல் வேண்டும். ஓமோன் அளவு சீராக இருப்பின் பிள்ளைப்பேற்றுக்கு நோய் தடையன்று. ஆனால், கருவுற்ற தாய்க்குத் தைரொட்சின் கூடுதலாகத் தேவைப்படும். கருவுற்றதை அறிந்தவுடன் வைத்தியரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது. தாய்சேய் நல நிலையத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து, கல்சியம் ஆகிய குளிகைகளைத் தைரொட்சினுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலிற் சேர்வது குறையும். 4 மணிநேர இடைவெளி வேண்டும். முன்னரே இவ்வழி நடந்த தாயொருத்தி இதனைச் சொல்லிவைப்பாளாயின், வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே அது காவலாகும்.

நோயாளியின் அனுபவத்தை எளிதாக எண்ணலாகாது என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்துச் சத்திர வைத்தியர் கோச்சர், கழலைச் சத்திரசிகிச்சையில் வல்லவர். சுரப்பி முழுவதையும் அகற்றப்பெற்றோர் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை, அவர்களை மீள அழைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடலும் மனமும் மந்தமுற்றிருந்தமையைக் கண்டு 1883ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுரப்பியின் தொழிலை உலகம் உணர்ந்ததற்கு அந்நோயாளரின் வாழ்வே வழிகாட்டியது. கோச்சர் 1909ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் மறே, செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றைப் பெண்ணொருத்திக்கு ஊசிமூலம் ஏற்றினார். அவள் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள்.

இவ்வுண்மையை உணர்ந்தே மேலைநாடுகளில் நோயாளர் சங்கங்கள் தோன்றின. கனடாவின் தைரொயிட்டு மன்றம் 1980ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவின் தைரொயிட்டு மன்றம் 1991ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. இத்தகைய மன்றங்களின் சிறப்பு, நோயாளர் தம்முள் உரையாடுவதோடு அமையாமல், வைத்திய நிபுணரின் அறிவுரையையும் பெற்று நடத்தலாம்.

இவ்விடத்தே எல்லையொன்று உண்டு. நோயாளர்தம் தோழமை ஆறுதலைத் தரலாம், நற்பழக்கத்தைத் தரலாம், வைத்தியரிடம் கேட்கவேண்டிய வினாவைத் தரலாம். மருந்தின் அளவை அது தருதல் ஆகாது. ஒருவருக்கு ஏற்ற 100 மைக்கிரோகிராம் மற்றொருவரின் இதயத்துக்குத் தீங்காகலாம். "நான் நிறுத்திவிட்டேன், ஒன்றும் செய்யவில்லை" என்னும் சொல்லை நம்பிக் குளிகையை நிறுத்துவோர், கிழமைகள் கழித்தே விளைவை உணர்வர்; இந்நோய் மெல்ல வருவதாதலின் அச்சொல் உண்மைபோலத் தோன்றுகின்றது. ஓமோன் மிகைக்குக் காபிமசோல் உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ ஏற்படின், அயலாரைக் கேட்டுக் காலங்கழிக்காது உடனே வைத்தியசாலை சென்று இரத்தம் சோதித்தல் வேண்டும். அம்மருந்து அரிதாக வெண்குருதிக் கலங்களைக் குன்றச்செய்து உயிருக்கே ஊறு விளைக்கும்.

ஆசிரியர்களும் உயர்கல்வி மாணவரும் இதிற் செய்யத்தக்க பணி உண்டு. ஊரில் இந்நோயுற்ற தாய்மார் சிலர் மாதமொருமுறை கூடவும், தம் ஐயங்களை ஒரு தாளில் எழுதி அடுத்த சந்திப்பின்போது வைத்தியரிடம் கொண்டுசெல்லவும் நாம் துணைபுரியலாம். எழுத இயலாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். சோதனை முடிவைக் கொப்பியில் நாள்வாரியாகக் குறித்துவைக்கக் கற்பிக்கலாம். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இக்காலத்தில் இவ்வுருவிலேயே நிறைவுறும். அருகிருப்பவர் மருத்துவராகிவிடாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்பவராக இருத்தலே அதன் இலக்கணமாகும்.