முந்நூறு விதிகளும் ஒரு விதியும்



குடிபெயரும் வீட்டார் தபால் நிலையத்தில் புது விலாசத்தைக் கொடுத்துச் செல்வது வழக்கம். வலைத்தளங்களும் அவ்வாறே செய்தல் வேண்டும். பழைய முகவரியைத் தேடி வருவோரைப் புதியதற்கு அனுப்பும் விதிகளைச் சர்வர் என்னும் வழங்கு கணினியில் எழுதிவைப்பர். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கு இவ்வசதியை 1996-இல் ரால்ஃப் எங்கல்ஷால் என்பார் இயற்றினார்.

நான் ஒரு நூலகத்தின் தளத்தைச் சீரமைத்தபோது 312 கட்டுரைகள் இடம் மாறின. "கட்டுரை-1.எச்டிஎம்எல்" என்றிருந்தது "கட்டுரை/1" என்றாயிற்று. நானும் சலியாது 312 விதிகளை எழுதினேன். எந்த விதிக்கும் பொருந்தாத பக்கத்தைக் கேட்டு வருவோருக்காகவும் சர்வர் அத்தனை விதிகளையும் வரிசையாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. இடையே ஓர் எண்ணைப் பிழையாக எழுதியிருந்ததை ஒரு மாணவியின் கடிதம் கண்டே அறிந்தேன்.

இத்தகைய இடத்தில் கைகொடுப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஒரே அமைப்புடைய பல சொற்களை ஒரு குறியீட்டால் சுட்டும் முறை இது. அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி, நரம்பு வலைகளின் மாதிரிகளை ஆராய்கையில் இதனை வகுத்தார். அக்கட்டுரை 1956-இல் அச்சேறியது. நரம்பை ஆராயப் பிறந்தது முகவரி திருத்த உதவுகிறது! என் 312 விதிகளும் இவ்வொரு கோவையுள் அடங்கின:

^கட்டுரை-([0-9]+)\.எச்டிஎம்எல்$

முதற்குறி தொடக்கத்தையும் டாலர் குறி முடிவையும் காட்டும். சதுர அடைப்பு ஏதேனும் ஓர் இலக்கம் என்றும், கூட்டல் குறி அது ஒன்றோ பலவோ வரலாம் என்றும் பொருள்படும். வளைந்த அடைப்பு அவ்வெண்ணைப் பிடித்துவைக்கும். புதிய முகவரியில் "கட்டுரை/$1" என்றெழுதினால் அவ்வெண் அங்கே வந்தமரும். தனிப் புள்ளிக்கு "எந்த எழுத்தாயினும்" என்பது பொருளாதலின், உண்மையான புள்ளிக்கு முன் சாய்கோடு இட வேண்டும்.

ஆனால் நான் முதலில் எழுதியது இதுவன்று. சுருக்கும் ஆசையால் ^கட்டுரை-(.+) என்று எழுதிவிட்டேன். "கட்டுரை-பட்டியல்" என்ற பக்கமும் அதில் அகப்பட்டு, இல்லாத முகவரிக்குப் போயிற்று. தேர்வுக் காலம் வேறு. மாணவர்கள் தேடியதோ அப்பட்டியலையே. விதியை அன்றே திருத்தியும் சிலருக்குக் கதவு திறக்கவில்லை. "நிலையான மாற்றம்" என்று பொருள்படும் 301 என்னும் எண்ணை நான் அவ்விதியில் இட்டிருந்தேன். அவர்களுடைய உலாவிகள் அதனை நம்பி, பிழையான முகவரியையே நினைவில் கொண்டிருந்தன.

அன்று முதல், புது விதி எதையும் தற்காலிகத்தைக் குறிக்கும் 302 இட்டே தொடங்குகிறேன். பொருந்த வேண்டிய முகவரிகளோடு பொருந்தக் கூடாதவற்றையும் சோதித்துப் பார்த்த பின்னரே 301 ஆக்குகிறேன்.