அவர் பெயர் என்ன?



கிறிஸ்தவக் குடும்பங்களில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. சோற்றில் கை வைக்குமுன் கண்களை மூடி, உணவு தந்த கர்த்தருக்கு நன்றி சொல்வார்கள். பேச்சு வராத குழந்தையும் கைகூப்பும். ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சோற்றைக் கர்த்தர் யார் கையில் கொடுத்தனுப்பினார் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

கெடா வயலில் சேற்றில் இறங்கியவர், அரிசி மூட்டை தூக்கியவர், இருட்டில் கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்தவர் – இவர்களில் ஒருவராவது நம் ஜெபத்தில் வருகிறாரா?

மறக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று தோட்டத்து மக்களாகிய நமக்கா தெரியாது? விடியுமுன் பிரட்டில் நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குள் போய், கொசுவுக்கும் அட்டைக்கும் ரத்தம் கொடுத்து, மங்கு மங்காய்ப் பால் சேர்த்தார்கள் நம் பாட்டனும் பாட்டியும். அந்தப் பாலில் உண்டான டயரில் உலகம் ஓடியது. காரில் போனவர் எவரும் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் 'கூலி' என்று ஒரே பெயர்தான்.

களைக்கு மருந்தடித்த நம் பெண்களையும் நினையுங்கள். தொட்டியை முதுகில் சுமந்து அவர்கள் அடித்த பாராகுவாட் என்ற கடும் நஞ்சு, நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020ஆம் ஆண்டில்தான்.

அப்போஸ்தலர் பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். உழைப்பின் அருமை அறிந்தவர். ரோமருக்கு அவர் எழுதின நிருபத்தில் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப் போகும் பகுதி அது. சபைக்காகப் பாடுபட்ட திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்னும் பெண்களைப் பவுல் அங்கே பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதின தெர்தியுவும் தம் பெயரைச் சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். எழுதின கையும் மறக்கப்படவில்லை, பார்த்தீர்களா?

இன்று பல தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். நம் பாட்டன் கப்பலேறி வந்ததுபோல் அவரும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஏய், பங்களா!" என்று நம் பிள்ளைகள் கூப்பிட்டால் நாம் கண்டிக்கிறோமா, சிரிக்கிறோமா? ஏழைக் கூலிக்காரன் உன் சகோதரனானாலும் அந்நியனானாலும் அவனை ஒடுக்காதே, பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடு என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பதை மறவாதே என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. அந்த வார்த்தை நமக்கும் சொன்னதுதான்.

ஆகவே, நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். லயத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்கிறவரோ, குப்பை லாரியில் தொங்கிக்கொண்டு வருகிறவரோ, யாராவது ஒருவர் பெயரைக் கேட்டு அறியுங்கள். பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவருக்குத் தரவேண்டிய காசு இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

இரவு ஜெபத்தில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அப்பா, அது யார்?" என்று பிள்ளை கேட்கும். சோறு ஆறினாலும் பரவாயில்லை, விவரமாய்ச் சொல்லுங்கள்.